மலிவு விலை சாப்பாடு இருக்கிறது, உணவுக் கொள்கை எங்கே?

சென்னை மாநகராட்சிக்கென்று ஓர் உணவுக் கொள்கை உண்டா என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "அதான் அம்மா உணவகம் இருக்கிறதே!" என்பார்கள். இந்தப் பதில் பாதிதான் சரி. 2013 பிப்ரவரி 19 அன்று தொடங்கியபோது அங்கே இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். சமைத்துப் பரிமாறியவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். ராயபுரத்தில் மூட்டை தூக்குகிறவருக்கும், துறைமுகத்துக்குள் நுழைய மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி டிரைவருக்கும் அந்த விலை எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் விலையைக் குறைப்பது ஒரு திட்டம், அவ்வளவுதான். ஊருக்கு உணவு எங்கிருந்து வருகிறது, யார் விற்கிறார்கள், யாருக்குக் கிடைக்கவில்லை, மிஞ்சியது எங்கே போகிறது... இதையெல்லாம் ஒரே மேஜையில் வைத்து முடிவெடுப்பதற்குப் பெயர்தான் கொள்கை.

பிரேசிலில் பெலோ ஒரிசோன்ச்சி நகராட்சி 1993லேயே இதற்கென்று தனித் துறை அமைத்தது. மலிவு விலை உணவகம், பள்ளிச் சாப்பாடு, விலைக் கட்டுப்பாட்டோடு நடக்கும் காய்கறிக் கடைகள், சுற்றுவட்டார விவசாயிகள் நேரடியாக விற்க இடம் என எல்லாம் அந்தத் துறையின் பொறுப்பு. 2015ல் மிலான் நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் உணவுக் கொள்கை ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. நிர்வாகம், சத்துள்ள உணவு, சமூக சமத்துவம், உற்பத்தி, விநியோகம், வீணாவதைத் தடுத்தல் என்று ஆறு தலைப்புகள் அதில் உண்டு.

இப்போது இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு வட சென்னைக்கு வருவோம்.

சென்னைக்கு மீன் கொடுப்பது காசிமேடு. அங்குள்ள துறைமுகமும் மீனவர் நலனும் மீன்வளத்துறையின் கவலை. ரேஷன் கடை உணவுத்துறைக்கும் கூட்டுறவுத்துறைக்கும் போகிறது. கூடையில் மீன் வைத்து விற்கும் பெண்ணுக்கு நடைபாதையில் இடம் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது மாநகராட்சி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த இரண்டு மாதமும் மீன் விலை ஏறுகிறது, ஏலக்கூடத்தை நம்பியிருக்கும் கூலிக்காரர்களின் வருமானம் இறங்குகிறது. தடைக்காலம் எப்போது வரும் என்று ஒரு வருடம் முன்பே தெரியும். இருந்தும் அந்த மாதங்களில் ராயபுரத்தின் சாப்பாட்டுத் தட்டு என்ன ஆகும் என்று கணக்குப் போட எந்த அலுவலகத்துக்கும் வேலை கொடுக்கப்படவில்லை.

எண்ணூர் கதை இன்னும் மோசம். அங்குள்ள முகத்துவாரம் இறாலும் நண்டும் கொடுத்த இடம். அனல் மின் நிலையச் சாம்பல் அதை மேடாக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து படிந்தது. மீனவக் குடும்பங்களுக்கும் படகுகளுக்கும் நிவாரணம் அறிவித்தார்கள். மாசு என்ற கணக்கில் வழக்கும் நடந்தது. ஆனால் நகரத்துக்கு ஓர் உணவு ஆதாரம் கைவிட்டுப் போகிறது என்ற கணக்கில் அதை யார் பார்த்தார்கள்?

இப்படி நடப்பதற்குக் காரணம் அதிகாரிகளின் சோம்பல் மட்டும் இல்லை. அரசியல் சட்டத்தின் 11வது அட்டவணை கிராமப் பஞ்சாயத்துகளுக்கானது. அதில் விவசாயம், மீன்வளம், சந்தை, பொது விநியோகம் எல்லாம் இருக்கின்றன. நகரங்களுக்கான 12வது அட்டவணையில் 18 வேலைகள் உண்டு. சாலை, குடிநீர், சுடுகாடு, இறைச்சிக்கூடம் வரை இருக்கிறது. மீன்வளமும் இல்லை, சந்தையும் இல்லை, பொது விநியோகமும் இல்லை! நகரத்துக்காரர்கள் சாப்பிடுவதில்லை என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ.

"மாநில அரசே ரேஷனை நன்றாக நடத்துகிறதே, மாநகராட்சி எதற்கு நடுவில்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ரேஷனைப் பிடுங்கி மாநகராட்சியிடம் கொடுக்கச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அட்டவணையில் இல்லை என்பது ஒரு சாக்கும் இல்லை. அப்படி ஓர் அட்டவணையே இல்லாத 1920ல், தியாகராய செட்டியார் தலைமையில் இருந்த இதே மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. வண்ணாரப்பேட்டையில் கல்லூரி இருக்கிறதே, அது அவர் பெயரில்தான். அம்மா உணவகத்தையும் எந்த அட்டவணையும் கேட்டுத் தொடங்கவில்லை.

எனவே செய்ய முடிந்தவை இவை. முதலில், மாநகராட்சி பட்ஜெட்டில் உணவுக்கென்று ஒரு தலைப்பும், அதற்குப் பொறுப்பாக ஓர் அதிகாரியும் வேண்டும். இன்று அம்மா உணவகச் செலவு "நஷ்டம்" என்றே பேசப்படுகிறது. தெரு விளக்குக்கு ஆகும் கரன்ட் பில்லை யாராவது நஷ்டம் என்கிறார்களா? தனித் தலைப்பு வந்தால் அது சேவைக்கான செலவு என்று கணக்கில் ஏறும், இந்தச் செலவில் எத்தனை பேர் என்ன சாப்பிட்டார்கள் என்ற கேள்வியும் கூடவே வரும்.

இரண்டாவது, தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இட்லி, பொங்கல், சாதம், சப்பாத்தி எல்லாம் பெரும்பாலும் மாவுச்சத்து. பள்ளிச் சத்துணவில் முட்டை உண்டு, மூட்டை தூக்குகிறவர் தட்டில் இல்லை. காசிமேட்டுக்குப் பக்கத்து உணவகத்திலாவது வாரம் ஒரு நாள் நெத்திலியோ காரப்பொடியோ குழம்பு வைத்தால் என்ன? மீனவப் பெண்கள் சங்கத்திடமே வாங்கலாம். தடைக்காலத்தில் அதற்குப் பதில் முட்டை போடலாம்.

மூன்றாவது, 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகள் இருக்க வேண்டும். மீன் விற்கும் பெண்களின் குரலும் அதில் கேட்க வேண்டும்.

இதெல்லாம் முடியாத காரியமா? திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தன. வரி ரசீது அன்றே மாறிவிட்டது. உணவுக்கும் ஊர் பொறுப்பு என்ற எண்ணம் வர இன்னும் எத்தனை தேர்தல் ஆகும் என்று, அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும் கவுன்சிலரிடம் கேட்டுப் பாருங்கள்.