நம் முன்னோர்: தீர்ப்பைத் தமிழில் தந்த முன்சீப்



சென்ற மாதம் திருநின்றவூரில் நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தாரைக் காணச் சென்றிருந்தேன். வீட்டு மனை வழக்கில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் நகலைக் குடும்பத் தலைவர் என் கையில் தந்து, "ஐயா, நாங்கள் வென்றோமா, தோற்றோமா?" என்று வினவினார். பல ஆண்டுகள் வழக்காடிய மனிதர்! பக்கம் முழுவதும் ஆங்கிலம். மனை அவர்களுக்கே என்று படித்துச் சொன்னபோது அவருடைய மனைவியார் கண் கலங்கினார். திரும்பி வரும் ரயிலில் என் நினைவெல்லாம் மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்கள் மீதே இருந்தது.

தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தின் ஆசிரியர் என்றே அவரை நம்மில் பலர் அறிவர். திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826 அக்டோபர் 11 அன்று சவரிமுத்துப் பிள்ளை, ஆரோக்கிய மரியம்மாள் தம்பதியருக்குப் பிறந்த கத்தோலிக்கர் அவர். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, 1857-இல் தரங்கம்பாடி முன்சீப் ஆனார். பின்னர் சீர்காழியிலும், இன்று மயிலாடுதுறை எனப்படும் மாயூரத்திலும் நீதி வழங்கினார்.

வழக்காளிக்கு விளங்காத நீதி அவர் மனத்தை உறுத்தியிருக்க வேண்டும். 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் வெளிவந்த தீர்ப்புகளைத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் 1862-இல் வெளியிட்டார். நாவலிலும் இதே கவலைதான்: நீதிபதியும் வக்கீலும் கட்சிக்காரரும் தமிழரே ஆயிருக்க, வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நிகழ்வதை எள்ளி நகையாடுகிறார். கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசு புரியும் பகுதியை நம் இல்லத்துப் பெண்மக்கள் அவசியம் படிக்க வேண்டும். கதை என்று எண்ணித் தொடங்குவோர்க்கு நடுநடுவே நீண்ட பிரசங்கங்கள் சற்று அலுப்பூட்டலாம். நீதிபதியின் பழக்கம் என்று பொறுத்துக் கொள்வோம்.

1859-இல் வந்த 'நீதிநூல்', பெண் கல்வியை வற்புறுத்திய 'பெண்மதி மாலை' ஆகியவற்றோடு, எச்சமயத்தாரும் பாடத்தக்க 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களையும் இயற்றினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு உற்ற நண்பர். நண்பர் மீது 'குளத்துக் கோவை' பாடியவர். மாயூரம் நகரசபைத் தலைவராகவும் பிள்ளையவர்கள் விளங்கினார். தாது வருஷப் பஞ்சத்தில் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் அமைத்தார். 1889 ஜூலை 21 அன்று இறைவனடி சேர்ந்தார்.

உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என 2006-இல் நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஆங்கிலமே அங்கு இன்னும் நீடிக்கிறது.

திருநின்றவூர் நண்பர் தம் தீர்ப்பு முழுவதையும் தமிழில் எழுதித் தருமாறு கேட்டார். தொடங்கியிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தைத் தாண்டுவதற்குள் ஒரு வாரம் ஆயிற்று. ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகளைப் பிள்ளையவர்கள் எவ்வாறுதான் எழுதி முடித்தாரோ!