செயற்கை ரத்தம் வந்தாச்சா? (கொஞ்சம் நீளமான த்ரெட்)

"கடல்பாசியில் இருந்து செயற்கை ரத்தம், இனி ரத்ததானமே தேவையில்லை"ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. வார்டுல ரத்தம் ஏற்பாடு பண்ணச் சொன்னா, நோயாளியோட வந்தவங்க போனை நீட்டி "டாக்டர், இதைப் போட முடியாதா?"ன்னு கேட்கிறாங்க. இப்போதைக்கு முடியாது. ஏன்னு சொல்றேன்.

ஆராய்ச்சி பொய் இல்லை. பாதாம் பிசினை ராத்திரி ஊறப்போட்டா காலையில் கிண்ணம் நிறைய ஊதி நிக்கும் இல்லையா? அதுதான் ஹைட்ரோஜெல். தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கிற பாலிமர் வலை. பழுப்புக் கடல்பாசியில் கிடைக்கும் ஆல்ஜினேட், இறால் ஓட்டில் இருந்து எடுக்கும் கைட்டோசான் எல்லாம் இதே ரகம். ஆல்ஜினேட் கரைசலைச் சொட்டுச் சொட்டா கால்சியம் கரைசலில் விட்டா ஜவ்வரிசி மாதிரி உருண்டுக்கும். அதையே மைக்ரான் அளவுக்குச் சின்னதாக்கி உள்ளே ஹீமோகுளோபினை அடைச்சா, செயற்கைச் சிவப்பணு. ஐடியா இவ்வளவுதான்.

ஏன் ஜெல்? மென்மைக்காக. சிவப்பணுவோட விட்டம் 7-8 மைக்ரான். ஆனா தன்னைவிடக் குறுகலான தந்துகிகளிலும் மண்ணீரல் இடுக்குகளிலும் நெளிஞ்சு நுழைஞ்சு, சுமார் 120 நாள் ஓடுது. விறைப்பான துகளா இருந்தா நுரையீரலிலேயே மாட்டிக்கும். 2011-ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகக் குழு, சிவப்பணு அளவில் ஜெல் தட்டுகள் செஞ்சு எலிக்கு ஏத்தினாங்க. விறைப்பை 8 மடங்கு குறைச்சப்போ, ரத்தத்தில் தங்குற நேரம் 30 மடங்குக்கு மேல கூடுச்சு. (அது லேபில் செஞ்ச பாலிமர், கடல்பாசி இல்லை.) எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு இது.

ஆனா ஓடினா மட்டும் போதாது, ஆக்சிஜன் சுமக்கணும். ஹீமோகுளோபின் வெளியே கசிஞ்சா, ரத்தக்குழாயைத் தளர்த்தி வைக்கிற நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிடும். குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். அணு இல்லாம ஹீமோகுளோபினை மட்டும் வச்சுச் செஞ்ச தயாரிப்புகளோட ட்ரையல்களை 2008-ல் ஒண்ணா சேர்த்து அலசினாங்க. மாரடைப்பும் மரணமும் கூடுதலா இருந்தது. ஜெல்லில் அடைச்சா தப்பிச்சோமா? வலையின் கண்ணி பெருசா இருந்தா ஹீமோகுளோபின் நழுவிடும். கண்ணியை இறுக்கினா துகள் விறைக்கும். மென்மைக்காகத்தானே ஜெல்லுக்கே வந்தோம்!

அப்புறம் கணக்கு. ஒரு பை ரத்தத்தில் ஏறக்குறைய 2 லட்சம் கோடி சிவப்பணு. அத்தனையையும் ஒரே அளவில், கிருமி இல்லாம, கட்டுப்படியாகிற விலையில் செய்யணும்.

என் கருத்து: சிவப்பணுவை விட தட்டணு மாதிரி வேலை செய்யுற ஜெல் துகள்தான் முதல்ல கைக்கு வரும். அதுக்கு ஆக்சிஜன் சுமக்கிற வேலை கிடையாது. கிழிஞ்ச இடத்தில் ஒட்டி, உறைகட்டியை இறுக்கினா போதும். ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டினா ஸ்ட்ரோக் வரும், அதனால இதுவும் சுலபம் இல்லை. ஆனா தேவை அதிகம். சிவப்பணு ஃபிரிட்ஜில் 42 நாள் வரை தாங்கும். தட்டணு 5 நாள்தான், அதுவும் ஆட்டிக்கிட்டே இருக்கணும். தாலுகா ஆஸ்பத்திரி அலமாரியில் வச்சுக்கிற பவுடரா வந்தா, பிரசவத்தில் ரத்தம் கொட்டுற தாயைப் பெரிய ஆஸ்பத்திரி போற வரைக்கும் பிடிச்சு வைக்கலாம்.

இன்னொண்ணு, யாரும் பேசாதது: இதை முதல்ல யார் மேல போட்டுப் பார்ப்பாங்க? அமெரிக்காவில் 2000-களின் நடுவில் பாலிஹீம்னு ஒரு ரத்த மாற்றை, விபத்தில் அடிபட்டவங்களுக்கு ஆம்புலன்ஸ்லயே, ஒப்புதல் வாங்காமலே ஏத்தினாங்க. சட்டம் அதுக்கு விதிவிலக்கு கொடுத்திருந்தது. ஆனா ரத்தம் கிடைக்கிற ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் 12 மணி நேரம் வரை அதையே தொடர்ந்தாங்க. அங்கேதான் பெரிய சர்ச்சை வந்தது. நம்ம ஊருக்கு இப்படி ஒரு ட்ரையல் வந்தா, அது அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குத்தான் வரும். ரத்தமே கிடைக்காத இடம்னா பேசலாம். பக்கத்து ரூம் ஃபிரிட்ஜில் ரத்தம் இருக்கும்போது ஜெல்லைப் போடச் சொன்னா, நான் கையெழுத்துப் போட மாட்டேன்.