ரெண்டு மணி நேரம் போதும்... ஆனா தவறாம போகணும்!

போன வருஷம் மகள் கல்லூரி விடுதிக்குப் போனதும் வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது. எனக்கு வயது 43. பி.ஏ. முடித்த கையோடு கல்யாணம். சமூகப்பணி படிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் மனசின் ஒரு மூலையில் கிடந்தது. "எம்.எஸ்.டபிள்யூ. ரெண்டு வருஷம் தானேம்மா... பல காலேஜ்ல எந்த டிகிரி இருந்தாலும் சேர்த்துப்பாங்க. அதுக்கு முன்னாடி இந்த வேலை உனக்கு ஒத்து வருதான்னு பார்த்துடேன்" என்றாள் மகள். சரியென்று, பக்கத்துத் தெருவில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு வியாழக்கிழமைதோறும் ரெண்டு மணி நேரம் போக ஆரம்பித்தேன்.

"வீட்டுல ஒரு கிழவி உக்காந்திருக்கேன். ஊர்க் கிழவிகளைப் பார்க்கக் கிளம்பிட்டியா?" என்றார் மாமியார். சுருக்கென்றது. பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

முதல் நாள் ஒரு டப்பா லட்டு கொண்டு போனேன். பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய்! வார்டன் அம்மா சிரித்துக்கொண்டே டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு பாட்டி மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீயும் ஒரு தடவை வந்து போட்டோ எடுத்துட்டுப் போறவ தானா?" என்று கேட்டார். இல்லை பாட்டி, வாரா வாரம் வருவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நாலாவது வாரமே நாத்தனார் வீட்டு வளைகாப்பு என்று போகவில்லை. அடுத்த வாரம் போனால், அந்தப் பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். போன வியாழன் தலை வாரி, பொட்டு வைத்து, சாயங்காலம் வரை திண்ணையிலேயே காத்திருந்தாராம். நமக்கு அது ஒரு நாள் லீவு, அவருக்கு அந்த வாரமே அந்த ஒரு நாள் தான்!

இதைவிடப் பெரிய தப்பும் செய்தேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு அம்மா, வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்ததை என்னிடம் அழுதுகொண்டே சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மகனுக்குப் போன் போட்டு, "நீயெல்லாம் ஒரு பிள்ளையா?" என்று விளாசிவிட்டேன். விளைவு? மாசம் ஒரு தடவை வந்துகொண்டிருந்த அவர், வருவதையே நிறுத்திவிட்டார். அந்த அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. "உன்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான். நான் அன்றிரவு தூங்கவில்லை.

அங்கே வரும், முறையாகப் படித்த சமூகப் பணியாளர் ஒரு சின்னப் பெண். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவர் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்திருப்பதையும், கோட்டாட்சியரிடம் வக்கீல் இல்லாமலேயே மனுக் கொடுத்து ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதையும் சொன்னார். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்க வழி உண்டாம். எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா, "கேஸெல்லாம் வேணாம் கண்ணு. பேரனைத் தீபாவளிக்குக் கூட்டிட்டு வரச் சொல்லு, போதும்" என்றார். அந்தப் பெண் மூன்று தடவை மகனிடம் நிதானமாகப் பேசினார். தீபாவளிக்கு மறுநாள் பேரன் வந்தான்.

சட்டம் தெரிந்திருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக, எதிரே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். சமூகப்பணிப் படிப்பில், வகுப்போடு வாரத்தில் சில நாள் களத்துக்கும் ஏன் அனுப்புகிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சென்னை சமூகப்பணிக் கல்லூரி 1952-லேயே தொடங்கியது. இத்தனை வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றால், சேவைக்கு நல்ல மனசு மட்டும் போதாது என்றுதானே அர்த்தம்?

தோழிகளே, உங்களில் பலருக்கும் இப்படிப் போக ஆசை இருக்கும். தயங்காமல் போங்கள். ஆனால் முடிகிற நேரத்தை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள், ஒப்புக்கொண்டால் தவறாதீர்கள். தின்பண்டம் கொண்டு போகும் முன் கேளுங்கள். போட்டோ வேண்டாம். கேட்ட கதையைப் பக்கத்து வீட்டில் சொல்லாதீர்கள். பெரிய விஷயமென்றால் நீங்களே நீதிபதி ஆகாமல், தெரிந்தவரிடம் சொல்லுங்கள். முதியோருக்கென்றே 14567 என்ற இலவச உதவி எண் இருக்கிறது, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. இதையெல்லாம் காலண்டரில் எழுதி வைத்தாலே அதுவும் ஒரு சேவைதான்.

கடைசியாக ஒன்று. ஒரு நாள் வீட்டுக்கு வந்து மாமியாரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். "உங்களுக்கு என்ன வேணும் அத்தை?" நிம்மதியாகத் தூங்கட்டுமே என்று நான்தான் அவர் கட்டிலைப் பின்னறையில் போட்டிருந்தேன். "தெரு தெரியற மாதிரி முன்னறையில போடு. நாலு பேர் போறதைப் பார்க்கணும்" என்றார். பதினெட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரு தடவைகூட நான் கேட்கவில்லையே!

இப்போது வியாழக்கிழமை ஆனால், "மணி மூணாச்சு, கிளம்பலையா? அந்தப் பாட்டி காத்திருக்கப் போறா" என்று விரட்டுவதே அவர்தான். வரும் ஆண்டு எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு விண்ணப்பம் போடப் போகிறேன்.

- உறையூர் வாசகி, திருச்சி.