ஊசியும் நூலும்

நூல் என்னும் சொல் பஞ்சிலிருந்து திரிக்கும் இழையையும் குறிக்கும். புலவன் யாக்கும் பொத்தகத்தையும் குறிக்கும். நன்னூல் இவ்விரண்டையும் ஒப்பிட்டு, கதிரிலே நூற்கும் பெண்ணையே புலவனுக்கு உவமையாக்கியதை இலக்கணம் கற்றார் அறிவர். அவ்வொப்புமை வெறுஞ் சொல்லழகாக நில்லாது, ஓர் ஊர்ப் பெண்மக்களுக்கு வாழ்வாகவே அமைந்த வரலாறு ஒன்றுண்டு. அவ்வூர் தமிழகத்தது அன்று. ஆப்கானித்தானத்தின் மேற்கே உள்ள எராத்து நகரம்.

1979இல் சோவியத்துப் படை புகுந்தது முதல் அந்நாடு போர் ஓய்ந்து மூச்சுவிட்ட காலம் மிகக் குறைவு. 1995இல் எராத்தைக் கைப்பற்றிய தாலிபானார் பெண்பிள்ளைகளின் பள்ளிகளை மூடினர். எழுத்து விலக்கப்பட்டது, தையல் விலக்கப்படவில்லை. அந்தச் சிறு இடைவெளியில் ‘பொன்னூசி’ என்னும் பெயரில் ஒரு தையல் வகுப்புத் தோன்றிற்று. கிழமைக்கு மும்முறை, தலைமுதல் கால்வரை நீலப் போர்வை மூடிய இளம்பெண்கள், இலக்கியப் பேராசிரியர் முகமது அலி இரகியாப் என்பவரின் வீட்டுக் கதவைத் தட்டினர். பைகளின் மேற்புறத்தில் கத்தரிக்கோலும் துணியும் நூற்கண்டும். அடியில் குறிப்பேடும் எழுதுகோலும். உள்ளே நடந்தவை பாரசீக இலக்கியமும் திறனாய்வும் சேக்சுபியரும். தெருவில் சிறார் விளையாடிக் கொண்டிருப்பர். சமயக் காவலர் வருவது தெரிந்தால் உள்ளே ஓடிச் சொல்வதற்கே அவ்விளையாட்டு. அடுத்த நொடியில் ஏடுகள் மறையும். பாதி தைத்த உடைகள் மடிமேல் விரியும்.

அவ்வட்டத்திற் பயின்றவருள் ஒருவர் பாவலர் நாதியா அஞ்சுமன். எராத்து வீழ்ந்த நாளில் அவர்க்குப் பதினைந்து அகவை நிரம்பவில்லை. 2001இல் தாலிபான் ஆட்சி நீங்கியபின் பல்கலைக்கழகம் புகுந்தார். 2005இல் தம் பாத்தொகுப்பை வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே, கணவன் அடித்த இரவில் இறந்தார். அப்பொழுதும் அகவை இருபத்தைந்து நிரம்பவில்லை. கல்வி வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்று எவரும் மயங்க வேண்டா. ஆயினும், அந்தத் தையல் வகுப்பு இல்லாதிருந்தால் அவர் பெயரும் பாட்டும் உலகுக்குக் கிடைத்திரா.

2021 ஆகத்து 15இல் காபூல் மீண்டும் தாலிபான் கைப்பட்டது. அடுத்த திங்களில் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உயர்நிலைப் பள்ளிகள் திறந்தன. 2022 மார்ச்சு 23 அன்று பெண்களுக்கும் திறக்கும் என்று சொல்லப்பட்டது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு சென்றனர். சில மணி நேரத்தில் அழுதுகொண்டு திரும்பினர். அவ்வாண்டுத் திசம்பரில் பல்கலைக்கழகங்களும் அடைபட்டன. ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பள்ளிக் கல்வியைப் பெண்ணுக்கு முற்றும் மறுத்த நாடு உலகில் இஃது ஒன்றே. ஆகவே சமயத்தைக் கரணியங் காட்டுவது பொருந்தாது. பிற இசுலாமிய நாடுகள் எல்லாவற்றிலும் பெண்கள் படிக்கிறார்கள். கல்வி மறுக்கப்பட்ட பெண்பிள்ளைகள் 22 இலக்கம் என்று 2025இல் யுனிசெப் கணக்குரைத்தது.

இத்தடையினும் வருத்தந் தருவது, உதவப் புகுவோர் பலரின் மனப்பாங்கு. தையற்பொறி வழங்குகிறார்கள், பூத்தையலும் கம்பள நெசவும் பயிற்றுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். கைத்தொழில் இழிந்ததன்று. போரிற் கணவனை இழந்தவளின் அடுப்பு அதனால் எரியுமாயின் அது பேருதவியே. ஆனால் பதின்மூன்று அகவைப் பிள்ளையின் கையில் ஊசியை மட்டும் கொடுத்து, அதனை ‘ஆற்றற்படுத்தல்’ என்று அழைப்பது, போட்ட தடையை ஒப்புக்கொண்டு அதற்கு நற்பெயர் சூட்டுவதாகும். எராத்துப் பெண்கள் ஊசியை மேலே வைத்தனர், அடியில் நூல் இருந்தது. இவர்கள் தரும் பையில் மேலும் ஊசி, கீழும் ஊசி.

சோற்றுக்கு வழியில்லாத நாட்டில் ஏடு எதற்கு என்பாரும் உளர். அங்குப் பல இடங்களிற் பெண்ணைப் பெண்ணே மருத்துவம் பார்க்கவேண்டும் என்பது கட்டுப்பாடு. 2024 திசம்பரில் மருத்துவச்சியர், செவிலியர் பயிற்சியும் பெண்களுக்கு மூடப்பட்டது. இன்று ஏழாம் வகுப்பு மறுக்கப்பட்டவள் பத்தாண்டு கழித்துத் தன் தங்கைக்குப் பேறுபார்க்க இராள். மேலும், பள்ளிக் கதவு மூடிய வீட்டில் திருமணப் பேச்சு விரைவிற் கதவைத் தட்டும்.

வழி இல்லாமற் போகவில்லை. 2021இல் காபூலில் மகளிர் நாளன்று தொடங்கிய ‘பேகம்’ வானொலி பாடம் ஒலிபரப்பியது. 2025 பிப்ரவரியில் முடக்கப்பட்டு அத்திங்களிலேயே மீண்டது. அதன் உடன்பிறப்பான தொலைக்காட்சி 2024 முதல் பாரிசிலிருந்து ஏழு முதல் பன்னிரண்டு வகுப்புகளுக்குரிய பாடங்களை வான்வழி அனுப்புகிறது. தாரியிலும் பசுத்தோவிலும் அனுப்புகிறது என்பதைத் தமிழன்பர் உன்னுக. அயல்மொழிப் பாடம் காபூலின் செல்வர் வீட்டோடு நின்றிருக்கும். தாய்மொழிப் பாடமே மலைச்சிற்றூரின் அடுக்களைக்குட் செல்லும். காபூலின் பெண்கள் விடுதிப்பள்ளி ஒன்று 2021இலேயே மாணவியரோடும் ஆசிரியரோடும் ஆப்பிரிக்காவின் உருவாண்டாவுக்குப் பெயர்ந்து அங்கு நடக்கிறது. பெருநாடுகள் கைகட்டி நிற்கையில் அச்சிறுநாடு இடங்கொடுத்தது. இந்தியாவோ 2021 ஆகத்தில் ஆப்கானியர்க்கு முன்பு வழங்கிய நுழைவிசைவுகளை ஒருசேரச் செல்லாதவை ஆக்கிற்று.

தமிழகத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்க இடமில்லை. தன் நாட்டை விட்டு வர இயலாத ஆப்கானியப் பெண் ஒருத்தி, வீட்டிலிருந்தே இணையவழிப் படித்து, சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதுநிலைப் படிப்பை 2023இல் முடித்தாள். ஒருத்திக்கு இயன்றது நூற்றுவர்க்கும் இயலும். தொலைநிலை, இணையவழிப் பட்ட வகுப்புகள் நடத்தும் தமிழகப் பல்கலைக்கழகங்கள், பள்ளிச் சான்று காட்ட இயலாத அப்பிள்ளைகளுக்கெனத் தனித்தேர்வு ஒன்று வைத்து, தேறியவர்க்குக் கட்டணமின்றி இடம் ஒதுக்குக. அதற்கு நுழைவிசைவு கூட வேண்டா.