கேப் டவுன் ஒயினுக்கு உழைத்தவர்கள் யார்?

கேப் டவுனுக்குச் செல்லும் பயணிக்கு உணவு ஒரு நாளாகவும் ஒயின் இன்னொரு நாளாகவும் விற்கப்படுகின்றன. முதல் நாள், நகருக்குள்ளேயே மலைச்சரிவில் இருக்கும் போ-காப் குடியிருப்பு: பளிச்சென்று வண்ணம் பூசிய வீடுகள், மசாலாக் கடை, சமோசா, ஒரு மணி நேரச் சமையல் வகுப்பு. மறுநாள் முழுக்க கான்ஸ்டான்ஷியா, ஸ்டெல்லன்பாஸ், ஃபிரான்ஸ்ஹூக் பள்ளத்தாக்குகள்: வெள்ளைச் சுவர் டச்சு மாளிகை, ஓக் மர நிழல், ருசி பார்க்க ஐந்தாறு கோப்பைகள். முன்னதைக் கீழை நாட்டு மணம் என்றும் பின்னதை ஐரோப்பியப் பாரம்பரியம் என்றும் சுற்றுலாக் கையேடுகள் கூறுபோட்டு வைத்திருக்கின்றன. இந்தக் கூறுபோடலை வரலாறு ஏற்காது. திராட்சைக் கொடியை நட்டவர்களும் அந்தச் சமையலை உருவாக்கியவர்களும் ஒரே கூட்டத்தார். இரண்டையும் ஒரே பயணமாகப் பார்ப்பதுதான் நேர்மை.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் இங்கே நிறுவியது, போகிற வருகிற கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் தரும் ஒரு நிலையம். கேப் திராட்சையில் முதன்முதலாக ஒயின் பிழிந்த செய்தியை அதன் தளபதி யான் வான் ரீபெக் 1659 பிப்ரவரி 2ஆம் தேதி நாட்குறிப்பில் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டே கப்பல் கப்பலாக அடிமைகள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள். 1685இல் கான்ஸ்டான்ஷியா நிலத்தைப் பெற்ற கம்பெனித் தளபதி சைமன் வான் டெர் ஸ்டெல், 1688இல் வந்த ஹியூகனாட்டுகள் என்ற பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டுகள் ஆகிய பெயர்களோடு கையேடுகள் நின்றுவிடுகின்றன. அந்த வான் டெர் ஸ்டெல்லின் தாய்வழிப் பாட்டியே அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஓர் இந்தியப் பெண் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருப்பதைக் கையேடுகள் சொல்வதில்லை. 1808க்குள் சுமார் 60,000 பேர் கேப்புக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள். வங்கம், மலபார் ஆகியவற்றோடு சோழமண்டலக் கரையும் அடிமைப் பதிவேடுகளில் இருக்கிறது. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அன்று இதே கம்பெனியின் துறைமுகங்கள். தென்னாப்பிரிக்கா என்றதும் 1860இல் கரும்புத் தோட்டத்துக்காக டர்பனில் இறங்கியவர்களைத்தான் நாம் நினைக்கிறோம். நம் கரையிலிருந்து கேப்புக்குப் போனவர்களின் கதை அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு மூத்தது.

அந்தக் கதைக்குச் சமையலே சாட்சி. கொத்திய இறைச்சியை மஞ்சளும் மசாலாவும் உலர்பழமும் சேர்த்து வதக்கி, மேலே முட்டையும் பாலும் ஊற்றி அடுப்பில் வேகவைக்கும் போபோட்டி இன்று தென்னாப்பிரிக்காவின் தேசிய உணவுபோலக் கொண்டாடப்படுகிறது. அதோடு வருவது திராட்சை போட்ட மஞ்சள் சோறு, சம்பால், அச்சார். புனித வெள்ளியன்று கேப் கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்பது, பொரித்த மீனை வெங்காயம், வினிகர், மஞ்சள், மசாலாவில் ஊறவைத்த ஒரு பண்டம். எந்தச் சமய அடுப்பிலும் அதே அஞ்சறைப்பெட்டி வாசம்தான். இவை நகரச் சந்துகளில் மட்டும் பிறந்தவை அல்ல. பண்ணை மாளிகைகளின் அடுப்படியில் நின்றவர்களும் அடிமைப் பெண்களே. நாட்டில் மிக அதிகப் பரப்பில் பயிராகும் செனின் பிளாங்க் திராட்சையின் வெள்ளை ஒயின் இந்த இனிப்பும் காரமும் கலந்த உணவுக்கு நன்றாகவே பொருந்துகிறது. அப்படியிருந்தும் பல தோட்ட உணவகங்கள் பிரெஞ்சுப் பாணித் தட்டையே முன்னிறுத்துவது சுவை பற்றிய முடிவு மட்டும்தானா என்று கேட்கலாம்.

போ-காப் இஸ்லாமியர் பகுதி, அங்கே மதுவுக்கு இடமில்லை, ஆகவே இரண்டும் தனித்தனியாக இருப்பதுதானே இயல்பு என்று ஒருவர் மறுக்கலாம். கோப்பையையும் சமோசாவையும் ஒரே மேசையில் வைக்கச் சொல்வது என் வாதமல்ல. அந்த மக்களின் நெறியை மதிக்காமல் அவர்கள் வரலாற்றை மதிக்க முடியாது. 1794இல் அங்கே எழுந்த அவ்வல் பள்ளிவாசலும் அதே ஒயின் நாட்டின் அடிமை வரலாற்றில் ஒரு பக்கம் என்பதைத்தான் சொல்கிறேன். விடுமுறைக்கு வந்தவரிடம் எதற்கு வரலாற்றுப் பாடம் என்ற மறுப்பு இன்னும் எளிது. தோட்டங்கள் வரலாற்றை ஏற்கெனவே விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. செயின்ட் ஹெலினாவில் நெப்போலியன் கான்ஸ்டான்ஷியா ஒயின் குடித்ததைச் சொல்லாத வழிகாட்டி அரிது. பாதிக் கதை இனிக்கும்போது மீதிப் பாதி மட்டும் பாடமாகிவிடுமா?

மீதிப் பாதி 1834இல் அடிமைமுறை ஒழிந்ததோடும் முடியவில்லை. கூலியின் ஒரு பகுதியை மட்டமான ஒயினாகவே அளந்து கொடுத்த ‘டாப்’ முறை இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது; கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் இந்தப் பகுதியும் ஒன்று. 2012இல் டி டூர்ன்ஸ் என்ற ஊரில் உண்ணும் திராட்சை பறிக்கும் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒயின் ஊர்களுக்கும் பரவிய பிறகே, பண்ணைத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாள்கூலி 69 ராண்டிலிருந்து 105 ராண்டாக உயர்ந்தது. அப்படியானால் அந்தப் பக்கமே போகாமல் இருப்பதல்லவா நியாயம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புறக்கணிப்பு முதலில் அடிப்பது பருவக்கூலிக்கு வரும் பெண்களின் வயிற்றில். மாற்றம் வராமலும் இல்லை: நியாய வணிக முத்திரை பெற்ற ஒயினை உலகிலேயே அதிகம் தருவது தென்னாப்பிரிக்காதான், சில தோட்டங்கள் அடிமை வரலாற்றைக் காட்சிக்கும் வைத்திருக்கின்றன.

பயணி செய்யக்கூடியது சிறிது, ஆனால் பயனுள்ளது. கம்பெனியின் பழைய காய்கறித் தோட்டத்தை ஒட்டி, 1679இல் கட்டிய அடிமை விடுதி இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. அங்கிருந்து போ-காப்புக்கு நடந்தே போகலாம். ஒயின் பயணத்தை அந்த விடுதியில் தொடங்கச் சொல்லி முகவரிடம் கேட்பதற்குக் கூடுதல் செலவில்லை. தோட்டத்தில் ருசி பார்க்கும்போது, தொழிலாளர் குடியிருப்பு எங்கே, ஓய்வுபெற்றவர்கள் அங்கேயே வாழ உரிமை உண்டா என்றும் கேட்கலாம். பண்ணையில் குடியிருப்போரின் உரிமைக்கு 1997 முதல் சட்டமே இருக்கிறது. மதுக்கூடத்தில் நிற்பவருக்கு அதற்குப் பதில் தெரியவில்லையென்றால் தோட்ட மேலாளரை அழைக்கச் சொல்லலாம்.