முதலில் பசி ஆறட்டும்

குடித்துக் கெட்ட ஆடவனைக் கண்டு "பாவம்" என்கின்ற நாம், அதே நிலையிலுள்ள பெண்ணைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக் கொள்கிறோம். அவள் கருவுற்றிருந்தாலோ கேட்க வேண்டியதில்லை. குழந்தையைப் பறித்துவிடுவார்களே என்ற அச்சத்தினால் வைத்தியரை நாடாமலே ஒளிந்து திரிகிறாள்.

கனடாவின் வான்கூவர் நகரில், வறியோர் மிகுந்த பகுதியில், 1993ஆம் ஆண்டில் தோன்றிய 'ஷீவே' நிலையம் இவ்வச்சத்தை அறிந்தது. "போதையை விட்டுவிட்டு வா" என்று அங்கே எவரும் வாசலில் மறிப்பதில்லை. முதலில் சுடச்சுட மதிய உணவு. பின்னர்தான் தாதியும் வைத்தியரும் சமூக சேவையாளரும். உண்ண வந்தவள் மெல்ல மெல்ல நாடி பார்க்கவும் கையை நீட்டுகிறாள். தங்க இடம் தேடிக் கொடுப்பதும் சேவையாளர் பணியே. வீடற்றவளுக்கு உபதேசம் எதற்கு?

கருவுற்றவள் ஹெரோயின் போன்ற போதையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. ஆதலால் மெதடோன் என்னும் மருந்தை வைத்தியர் அளந்து கொடுப்பர். அதையும் போதையென்று பழிப்பார் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை.

அந்நகரின் மகளிர் வைத்தியசாலையில் இத்தகைய தாயையும் சேயையும் ஒன்றாகவே வைத்துப் பேணும் தனிப்பிரிவு 2003இல் திறக்கப்பட்டது. குழந்தையின் நடுக்கமும் அழுகையும் தாயின் அணைப்பிலே தணிகின்றன. அவ்வாறு தாயோடிருந்த குழந்தைகளுக்கு மருந்து குறைவாகவே தேவைப்பட்டதென ஆராய்ந்தோர் கண்டனர். குழந்தையைத் தம் கையிலேயே ஏந்தி வைத்தியசாலையை விட்டுச் சென்ற தாய்மாரும் பெருகினர்.