நாலாவது சீட்

கடம்பத்தூரில் காலை லோக்கலைப் பிடிக்கிறவர்களுக்கு நாலாவது சீட்டைப் பற்றி விளக்க வேண்டாம். மூன்று பேர் உட்காரும் பெஞ்சின் ஓரத்தில், 'சார், கொஞ்சம்...' என்று பாதி உடம்பை வைத்துக்கொள்ளும் ஜீவன். ஆவடி வருவதற்குள் உள்ளே இருக்கும் மூவரும் தூங்கி, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, மொத்த பாரமும் அவர் தோளுக்கு வந்துவிடும். காலை அகட்டி ஊன்றிக்கொண்டு சென்ட்ரல் வரை தாங்குவார்.

போன வாரம் அந்த ஜீவன் நான். எதிரே கம்பியைப் பிடித்தபடி நின்ற இளைஞர், கோட்டையில் தலைமைச் செயலகத்தில் வேலை செய்கிறவர்.

"எங்க ஆபீஸ் முகப்புல வரிசையா தூணு. ஹைகோர்ட் பக்கம் போனா வரிசையா ஆர்ச்சு. ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்? மழைக்கு ஒதுங்க ரெண்டும் ஒண்ணுதான்."

மழைக்கு ஒண்ணுதான். தூண்களின் தலையில் நேராக உத்தரம் போட்டால் கொலனேட். தூணுக்குத் தூண் வளைவு கட்டினால் ஆர்கேட். ('ஆர்கேட்' என்று போர்டு மாட்டிய ஷாப்பிங் காம்ப்ளெக்ஸில் ஆர்ச்சைத் தேடாதீர்கள். பார்க்கிங்கையும்தான்.)

"கம்பியைப் பிடிச்சு நிக்கற நீங்க கொலனேட். பெஞ்சுல நாங்க நாலு பேரும் ஆர்கேட்" என்றேன்.

கொலனேடில் அவரவர் பாரம் அவரவர் காலில். ஆனால் கல் உத்தரத்துக்கு ஒரு பலவீனம். நெருக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. நீளமாகப் போட்டால் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும். அதனால் தூண்களை நெருக்கி நட வேண்டும். ஆயிரங்கால் மண்டபத்துக்குப் பக்தி மட்டும் காரணமில்லை. ஆர்ச்சில் கல்லும் கல்லும் நெருக்கிக்கொண்டு நிற்பதால் சின்னச் செங்கல்லே போதும், இடைவெளியும் தாராளம். அதற்கு விலை உண்டு. ஒவ்வொரு ஆர்ச்சும் இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டே இருக்கும். நடுவில் இருப்பவை ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்துவிடும். கடைசி ஆர்ச்சின் தள்ளலை யாராவது வாங்க வேண்டுமே, அதற்கு ஓரத்தில் ஒரு கனத்த சுவர். ஆர்ச் தூங்குவதே இல்லை என்று நம்மூர்க்காரர்கள் சொல்வதை 19-ம் நூற்றாண்டிலேயே ஜேம்ஸ் ஃபெர்குசன் எழுதிவைத்திருக்கிறார்.

கோட்டைத் தூண்கள் கதை தெரியுமோ? பல்லாவரத்துக் கருங்கல். 1730-களில் கடல் வாசலுக்குப் போகும் வழியில் கொலனேடாக நட்டார்கள். 1746-ல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் தூண்களையே பெயர்த்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1761-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்த பிறகு திரும்பி வந்தன. சுமார் பதினைந்து வருஷ டெபுடேஷன். அவற்றில் சிலதான் இன்று இவர் ஆபீஸ் முகப்பில் நிற்பவை. தனித்தனி ஆள் என்பதால் டிரான்ஸ்ஃபர் முடிந்தது. 1892-ல் திறந்த ஹைகோர்ட்டின் ஆர்ச்சுகளை அப்படிக் கழற்றினால் கையில் செங்கல்தான் மிஞ்சும்.

எங்கள் தெருவில் ஒரு பழைய வீடு. முன்னால் மூன்று செங்கல் ஆர்ச். பேரன் கார் வாங்கிவிட்டான், உள்ளே விட வழியில்லை. "ஆர்ச்சைத் தொடவே வேணாம் மேஸ்திரி, ஓரச் சுவரை மட்டும் இடிச்சுடுங்க" என்றான். பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. கிழ மேஸ்திரி சுவரைத் தடவிப் பார்த்தார். "தம்பி, இத எடுத்தா மூணும் கார் மேலதான் உக்காரும்" என்று கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒருநாள் கூலி போச்சு அவருக்கு. கார் இன்னும் தெருவில்தான், தார்ப்பாய் போட்டு.

பேசின் பிரிட்ஜ் வந்தது. எழுந்திருக்கப் போனேன்.

"சார், சார்" என்று இளைஞர் என் தோளை அழுத்தினார். "அவங்க மூணு பேரையும் எழுப்பிட்டு அப்புறம் எழுந்திருங்க."